உடலிற் கரையும் மகனீசியமும் அதன் காப்புப் பூச்சும்

முறிந்த என்பைப் பொருத்துதற்கு உலோகத் தகடுகளையும் திருகாணிகளையும் சத்திரவைத்தியர் கையாளுதல் இன்று எங்கும் காணப்படும் செய்தி. கறையில் உருக்கு, தைத்தேனியக் கலப்புலோகம், கோபாற்று குரோமியக் கலப்புலோகம் என்பனவே இத்தொழிலுக்குப் பெரிதும் கொள்ளப்படுவன. இவை தேர்ந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணம், உடலினுள் எத்துணைக் காலங் கிடப்பினும் கெடாதிருத்தலேயாம். ஆயின், கெடாதிருத்தல் என்னும் அக்குணமே ஒருவகையிற் குறையுமாகின்றது. முறிந்த என்பு பொருந்தி வலிபெறுதற்குப் பெரும்பாலும் மூன்று திங்கள் முதல் ஆறு திங்கள் வரை செல்லும். அதன்பின் உள்ளே கிடக்கும் உலோகத்துக்கு அங்கே தொழில் ஒன்றுமில்லை. அதனை அவ்வாறே விட்டுவைத்தல் வேண்டும். அன்றேல், பொருந்திய இடத்தை மீண்டும் கீறி அதனை எடுத்தல் வேண்டும். வளரும் பிள்ளைகளிடத்தோ விட்டுவைத்தலும் பல வேளைகளில் இயலாது. என்பு வளர, தகடு வளராது நின்று தடைசெய்யும். மயக்கமருந்தும், நோவும், செலவும், கிருமி தொற்றும் என்ற அச்சமும் உடைய இரண்டாம் சத்திரசிகிச்சையைத் தவிர்க்க வழியுண்டா என்பதே இக்கட்டுரையிற் கூறப்படும் ஆராய்ச்சி அனைத்துக்கும் அடிப்படையான வினா.

இன்னுமொரு குறையும் உண்டு. என்பு உயிருள்ள பொருள். தன்மேற் சுமை வந்து பொருந்தினாலன்றி அது தன் வலிமையைப் பேணிக்கொள்ளாது. ஒரு பொருள் எவ்வளவு எளிதில் வளையும் என்பதைக் குறிக்கும் யங்கின் மட்டு, உருக்குக்கு ஏறத்தாழ 200 கிகாபசுக்கால். தைத்தேனியக் கலப்புலோகத்துக்கு ஏறத்தாழ 110. நெட்டென்பின் செறிந்த புறப்பகுதிக்கோ 10 முதல் 30 வரையே. விறைப்பான தகடும் நெகிழ்வான என்பும் ஒருங்கே நின்று சுமை தாங்குங்கால், சுமையின் பெரும்பங்கு தகட்டையே சாரும். வேலையிழந்த என்பு அடர்த்தி குன்றி நலிவெய்தும். மகனீசியத்தின் மட்டு ஏறத்தாழ 45. அதன் அடர்த்தி கன சென்றிமீற்றருக்கு 1.74 கிராம், இஃது என்பின் அடர்த்திக்கு அணித்தானது. தைத்தேனியத்தினது 4.5, உருக்கினது 8க்குச் சற்றுக் குறைவு. ஆகவே, எடையாலும் நெகிழ்வாலும் என்புக்கு உறவான உலோகம் ஒன்றைத் தேடுவார்க்கு மகனீசியமே முதலிற் கண்ணிற்படும்.

அன்றியும், மகனீசியம் உடலுக்குப் புறம்பான பொருளன்று. வளர்ந்த மனிதன் ஒருவனுடைய உடலில் ஏறத்தாழ 25 கிராம் மகனீசியம் உண்டு. அதிற் பாதிக்குமேல் என்பிலேயே தங்கியிருக்கின்றது. நாடோறும் உணவின் வழியாக 300 முதல் 400 மில்லிகிராம் வரை நமக்கு வேண்டப்படுகின்றது; மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். கால் கிராம் எடையுள்ள சிறு திருகாணி ஒன்று முற்றாகக் கரைந்தாலும், அஃது உடலுக்கு அளிக்கும் மகனீசியம் ஒருநாள் உணவில் உள்ளதனினும் குறைவே. வளைவு கட்டுவோர், சாந்து இறுகும்வரை மரச்சட்டம் ஒன்றைக் கீழே முட்டுக்கொடுத்து நிறுத்துவர்; இறுகியபின் அதனைக் கழற்றிவிடுவர். கழற்றுவாரின்றித் தானே கரைந்தொழியும் முட்டாக மகனீசியம் அமையக்கூடும். இவ்வளவும் நன்று. இடர் யாதெனில், அது கரையவேண்டிய காலத்துக்கு மிக முன்னரே கரைந்துவிடுகின்றது என்பதே.

இவ்வுலோகத்தை உடலினுள் வைக்கும் எண்ணம் புதியதன்று. மின்பகுப்பினால் இதனை முதன்முதலிற் பிரித்தவர் ஹம்பிரி டேவி, ஆண்டு 1808. எழுபது ஆண்டுகள் கழிந்து, 1878இல், எட்வேட் ஹியூஸ் என்னும் வைத்தியர் குருதி பெருகும் நாடிகளைக் கட்டுதற்கு மகனீசியக் கம்பியைப் பயன்படுத்தினார். அவர்க்குப் பின் ஒஸ்திரியரான ஏர்வின் பையர் குருதிக்கலன்களை இணைத்தற்கு மகனீசியக் குழாய்களை அமைத்து ஆராய்ந்தார். என்புமுறிவில் இதனை முதலிற் கையாண்டோருள் முதன்மையாக வைத்தெண்ணத்தக்கவர் பெல்சிய சத்திரவைத்தியர் அல்பின் லம்பொற். 1907ஆம் ஆண்டளவில், கீழ்க்கால் முறிந்த இளைஞன் ஒருவனுக்கு அவர் மகனீசியத் தகடொன்றை உருக்காணிகளால் பொருத்தினார். மறுநாளே தோலின்கீழ் வாயு திரண்டு வீக்கமும் நோவும் உண்டாயின. எட்டு நாளிற் தகடு சிதைந்துபோயிற்று. அக்காலத்து நூல்களிற் பல தோல்விகள் மறைக்கப்பட்டுப்போக, இதனை அவர் வெளிப்படக் கூறியமையாற் பின்வந்தோர் பெற்ற பயன் பெரிது. தகடு மகனீசியம், ஆணி உருக்கு, இரண்டையும் சூழ்ந்தது உப்புநீர். மின்கலம் ஒன்றுக்கு வேண்டுவன யாவும் அங்கே குறைவின்றி இருந்தன! லம்பொற்றும் அவருடைய உதவியாளர் ஷான் வெர்புறூஜும் பின்னர் விலங்குகளிற் சோதித்து, வேறு உலோகத்தைக் கலவாது மகனீசியத்தை மட்டுமே கையாண்டு, சிறுவர்களின் முழங்கையை அடுத்த மேற்கை முறிவுகளில் நற்பேறு கண்டனர். எனினும், கறையில் உருக்கு நம்பிக்கைக்குரியதாக வளர்ந்து பரவவே மகனீசியம் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

இனி, கரைதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதைச் சிறிது விரித்துக் கூறுவாம். இரசாயன ஆய்வுகூடத்தில் மகனீசிய நாடாவை எரித்துப் பார்த்த மாணவர், எரிக்குமுன் அதனை அரத்தாளால் தேய்க்குமாறு ஆசிரியர் கூறியதை நினைவுகூர்வர். தேய்க்குமுன் மங்கலாயிருந்த நாடா தேய்த்தபின் வெள்ளிபோல் ஒளிரும். தேய்த்து நீக்கப்பட்ட அம்மங்கலே காற்றிலிருந்து மகனீசியம் தனக்குத் தானே போர்த்துக்கொண்ட ஒட்சைட்டுப் படலம். அலுமினியமும் இவ்வாறே ஒரு படலத்தைப் போர்த்துக்கொள்கின்றது. ஆயினும் அலுமினியப் பாத்திரம் ஆண்டுக்கணக்கில் அடுப்பில் உழைக்க, மகனீசியம் உப்புநீரிற் சில நாளும் தாங்குவதில்லை. இவ்வேற்றுமைக்கு ஒரு காரணத்தை 1923இற் பில்லிங், பெட்வேத் என்னும் இருவர் எளிய கணக்கொன்றாற் காட்டினர். உலோகமொன்று ஒட்சைட்டாக மாறுங்கால் அதன் கனவளவு கூடுமாயின், ஒட்சைட்டு உலோகத்தை இடைவெளியின்றி மூடும். குறையுமாயின், முழுமையும் மூடப் போதாது வெடிப்பும் துளையும் விடும். அலுமினியத்துக்கு இவ்விகிதம் 1.28. மகனீசியத்துக்கு 0.81. நூறு பங்கு இடத்தை மூட எண்பத்தொரு பங்கு துணியே கிடைத்தவன் நிலைமை இதுவாகும்.

அவ்விடைவெளிகளின் வழியே நீர் புகுந்ததும் மகனீசியம் இலத்திரன்களை இழந்து அயனாகின்றது. நீர் அவ்விலத்திரன்களை ஏற்று ஐதரசன் வாயுவையும் ஐதரொட்சைட்டு அயன்களையும் தருகின்றது. விளைவாக உலோகத்தின்மேல் மகனீசியம் ஐதரொட்சைட்டு வெண்படிவாகப் படிகின்றது. தூய நீரில் இப்படிவு ஓரளவு காவலாக நிற்கும். ஆனாற் குருதியின் திரவவிழையம் தூய நீரன்று; அதன் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 3.5 கிராம் குளோரைட்டு உண்டு. குளோரைட்டு அயன்கள் அப்படிவைத் தாக்கி, எளிதிற் கரையும் மகனீசியம் குளோரைட்டாக மாற்றிவிடுகின்றன. மேலும் இவ்வைதரொட்சைட்டு நிலைத்திருத்தற்குக் கடுங்காரமான சூழல் வேண்டும், உடற்றிரவத்தின் பி.எச். பெறுமானமோ 7.4 என்னும் அளவிற் காக்கப்படுகின்றது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர்ப் புண்பட்ட இடத்தில் அது மேலும் தாழ்தலும் உண்டு. ஆகவே, உலோகம் மிகுதியான காவலை வேண்டி நிற்கும் முதல் நாட்களிலேயே அதற்குக் காவல் மிகக் குறைந்திருக்கின்றது.

வாயுவின் அளவையும் கணித்துப் பார்த்தல் நன்று. 24.3 கிராம் மகனீசியம் உடல்வெப்பநிலையில் ஏறத்தாழ 25 லீற்றர் ஐதரசனை விடுவிக்கும். மேற்கூறிய கால் கிராம் திருகாணி தருவது ஏறத்தாழ 260 மில்லிலீற்றர். ஓராண்டு முழுவதும் சீராகக் கரையுமாயின் நாளொன்றுக்கு ஒரு மில்லிலீற்றரும் இல்லை. இழையங்களும் குருதியும் அதனை எளிதில் வாங்கிக்கொள்ளும். அதே திருகாணி லம்பொற்றின் தகட்டைப்போல் எட்டு நாளில் அழியுமாயின், நாளொன்றுக்கு முப்பது மில்லிலீற்றருக்கு மேல். வாங்கவியலாத வாயு குமிழாகத் திரண்டு, பொருந்த முயலும் என்பின் விளிம்புகளைப் பிரித்து நிற்கும். நஞ்சு என்று அஞ்சத்தக்கது மகனீசியம் அன்று. விரைவே என்பது இக்கணக்கால் விளங்கும். பூச்சின் வேலை இவ்விரைவை அடக்குவதே.

உலோகமொன்றைத் துருவிலிருந்து காத்தற்கு நமக்குப் பழக்கமான முறை வேறொரு உலோகத்தைப் பூசுவது. கூரைக்கு இடும் இரும்புத் தகட்டின்மேல் நாகம் பூசப்பட்டிருக்கின்றது. பூச்சிற் கீறல் விழுந்தாலும் நாகம் தன்னை அழித்து இரும்பைக் காக்கும். மின்னிரசாயனத் தொடரில் நாகம் இரும்பினும் தாழ்ந்து நிற்பதே காரணம். மகனீசியத்துக்கு இவ்வாறு தன்னைப் பலிகொடுக்கும் தோழன் இல்லை. அதன் நியம மின்வாயழுத்தம் –2.37 வோற்று, அதற்கும் கீழே நிற்பன சோடியம், கல்சியம், பொற்றாசியம் முதலியன. அவை நீரைக் கண்ட மாத்திரத்தே தாமே கொதித்தெழுவன. அவற்றைப் பூச்சாகக் கொள்ளல் இயலாது. மேலே நிற்கும் பொன்னையோ தைத்தேனியத்தையோ பூசினால் என்ன? பூச்சு பழுதற்றிருக்கும்வரை நன்று. ஊசிமுனை அளவு துளை விழுந்ததும் பரந்த பூச்சு முழுவதும் கதோட்டாகவும், துளையின் அடியில் தெரியும் சிறு மகனீசியம் அனோட்டாகவும் அமைய, தாக்குதல் முழுவதும் அவ்வொரு புள்ளியிற் குவிந்து ஆழத் துளைக்கும். காவலனே கள்வனாகும் நிலை இது. ஆகவே மகனீசியத்துக்கு ஏற்ற உட்பூச்சுக்கள் மின்னைக் கடத்தாத உப்பு, மட்பொருள், பல்பகுதியம் என்னும் இனங்களிலேயே பெரிதும் தேடப்படுகின்றன.

இத்தேட்டத்திலும் பல வழிகள் முன்னரே அடைபட்டுள்ளன. ஆகாயவிமானங்களிலுள்ள மகனீசியப் பகுதிகளைக் காக்க நெடுங்காலம் பயன்பட்டது குரோமேற்றுப் பூச்சு. அறுவலுவுள்ள குரோமியம் புற்றுநோயை விளைப்பது. உடலினுள் வைக்க அது கனவிலும் ஆகாது. தைத்தேனிய இடுப்புமூட்டுக்களில் என்பின் கனிப்பொருளான ஐதரொட்சியப்பதைற்றைக் கடுவெப்பத்தில் உருக்கித் தெளிப்பர். மகனீசியம் 650 பாகை சதமத்தில் தானே உருகிவிடும். அப்பதைற்றை இறுகச் சுடுதற்கோ 1000 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே மகனீசியத்துக்குரிய பூச்சு மிகுவெப்பமின்றி, பெரும்பாலும் கரைசலினுள்ளேயே உருவாக்கப்படவேண்டியதாயிற்று.

அவ்வாறு உருவாக்குவனவற்றுள் மிக வியப்பானது மின்பொறி ஒட்சியேற்றம் எனத்தக்க முறை. சிலிக்கேற்றோ பொசுபேற்றோ கரைந்துள்ள ஐதான காரக்கரைசலில் மகனீசியப் பொருளை அனோட்டாகத் தொங்கவிட்டு, சில நூறு வோற்று அழுத்தத்தைச் செலுத்துவர். தொடக்கத்தில் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் தோன்றும். அழுத்தம் உயர்ந்து ஓர் எல்லையைக் கடந்ததும் அப்படலம் ஆங்காங்கே மின்னால் துளையுண்டு, உலோகத்தின் மேற்பரப்பெங்கும் நுண்பொறிகள் மின்மினிக் கூட்டம்போல் ஓடித்திரியும். ஒவ்வொரு பொறியும் இமைப்பொழுதிலும் மிகச் சிறிய நேரமே நிற்பது. ஆயினும் அது நின்ற இடத்தின் வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகைக்கு ஏறும். அங்கே ஒட்சைட்டு உருகி, சூழ்ந்த குளிர்கரைசலால் உடனே உறையும். பொருளின் உட்பகுதியோ சூடேறுவதில்லை. இவ்வாறு கோடிக்கணக்கான சிறு உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூண்டு அணைந்து, சில மைக்குரோமீற்றர் முதல் பல பத்து மைக்குரோமீற்றர் வரை தடிப்புள்ள மட்பொருட் போர்வையை உலோகத்தின் உடலிலிருந்தே எழுப்புகின்றன. புறத்திருந்து ஒட்டப்பட்டதன்று ஆதலின் அது எளிதிற் பெயராது, வன்மையும் உடையது. ஒரே குறை, ஒவ்வொரு பொறியும் வாயு வெளியேறிய வாயிலொன்றை விட்டுச் செல்கின்றமை. நுணுக்குக்காட்டியில் நோக்கினால் அப்போர்வையின் புறப்பகுதி எரிமலை வாய்கள் நிறைந்த நிலம்போலத் தோன்றும். உலோகத்தை ஒட்டிய மெல்லிய உட்படையே செறிந்து நிற்பது. ஆகவே இப்போர்வையை மட்டும் நம்புவாரிலர்; அதன் துளைகளை வேறு பொருளால் அடைப்பது வழக்கமாயிற்று. குறையெனத் தோன்றிய துளைகளே அடுத்த பூச்சுக்கு நல்ல பற்றுக்கோடாகவும், மருந்தைத் தேக்கிவைக்கும் சிறு குழிகளாகவும் பயன்படுகின்றன.

எளியதொரு முறை, மகனீசியத்தைச் செறிந்த ஐதரோபுளோரிக்கமிலத்தில் அமிழ்த்திவைத்தல். மற்றை அமிலங்களுட் பெரும்பாலானவற்றிற் கரைந்தோடும் மகனீசியம் இதில் ஓரிரு மைக்குரோமீற்றர் தடிப்புள்ள மகனீசியம் புளோரைட்டைப் போர்த்துக்கொண்டு அடங்கிவிடும். இப்படலம் செறிந்தது, நீரிற் கரைதலும் குறைவு. மெல்லிதாகையால் நெடுநாட் காவலுக்குப் போதாது. இவ்வமிலத்தைக் கையாளுதல் பேரிடருடையது என்பதையும் மறத்தலாகாது; தோலிற் பட்டால் உட்சென்று என்பின் கல்சியத்தையே தாக்குவது அது.

என்பைச் சார்ந்த வேலைக்கு, கட்டுரையாளன் கருத்தில், இயற்கைக்கு மிக இயைந்தவை கல்சியம் பொசுபேற்றுப் பூச்சுக்களே. ஐதரொட்சியப்பதைற்று என்பினுள்ளே இருக்கும் பொருளின் இனம். புறுசைற்று என்பது அதற்கு முன்னோடியான, சற்று எளிதிற் கரையும் உப்பு. கல்சியமும் பொசுபேற்றும் கரைந்த நீரில் மகனீசியத்தை இட்டால், அது அரிபடுங்கால் உண்டாகும் காரத்தன்மையே மேற்பரப்பில் இவ்வுப்புக்களைப் படியச் செய்யும். நோய்க்குக் காரணமே மருந்துக்கும் காரணமாதல் இங்கே காணலாம். உடலினுள்ளும் இதுவே நிகழ்கின்றது: குருதியிலுள்ள கல்சியமும் பொசுபேற்றும் கரையும் மகனீசியத்தின்மேற் படிந்து, நாட் செல்லச் செல்ல ஒரு காவலை அமைக்கின்றன. செயற்கைப் பூச்சு அவ்வியற்கைப் பூச்சு வந்து சேரும்வரை காலத்தைக் கடத்தித் தந்தாற் போதுமானது. மின்படிவு முறையாலும் இதனைப் பூசுவர். அப்போது மகனீசியம் கதோட்டாக நிற்றலின், அங்கே எழும் ஐதரசன் குமிழ்கள் பூச்சைப் பஞ்சுபோலாக்கும். மின்னோட்டத்தைத் தொடர்ச்சியாக விடாது இடைவிட்டு இடைவிட்டுச் செலுத்தினாற் குமிழ்கள் அகல நேரமுண்டு. பூச்சும் செறிந்து அமையும். இப்பூச்சுக்கள் என்புக்கலங்கள் விரும்பிப் பற்றும் தரையாகவும் உதவுகின்றன. எனினும் இவை நொய்யவை, வளைத்தாற் பிளந்துவிடும்.

வளையவேண்டிய இடம் நாடியாகும். இதயத்தின் முடியுருநாடி ஒடுங்கியவிடத்து, நுண்கம்பி வலையாலான குழாய் ஒன்றைச் சுருக்கி உட்செலுத்தி, பலூனால் விரித்து நாடியைத் திறந்து வைப்பர். விரிந்த நாடி அந்நிலையில் நிலைபெறச் சில மாதம் போதும். உலோக வலையோ வாழ்நாள் முழுவதும் கிடக்கின்றது. ஆகவே இங்கும் மகனீசியம் வேண்டப்பட்டது. 2003இல் ஜேர்மனியரான ஹொய்பிளைன் முதலியோர் விலங்குகளில் இதனைச் சோதித்து வெளியிட்டனர். 2007இல் 63 நோயாளரில் பூச்சும் மருந்துமற்ற மகனீசிய வலை ஆராயப்பட்ட செய்தி வெளியாயிற்று. அவருள் எவரும் அதனால் இறக்கவில்லை. வலையினுட் குருதி உறையவுமில்லை. எனினும் நான்கு மாதத்துள் 23.8 வீதத்தினர்க்கு அதே இடத்தில் நாடியை மீண்டும் திறக்கவேண்டியதாயிற்று. ஓராண்டில் இது 45 வீதமாயிற்று. வலை தன் தாங்கும் வலிமையை நாடி நிலைபெறுமுன்னரே இழந்தமை இதற்கொரு முதன்மைக் காரணம்.

மட்பொருட் பூச்சு இங்கே உதவாது. சுருக்கும்போதும் விரிக்கும்போதும் நொறுங்கிவிடும். எனவே நெகிழும் பல்பகுதியம் தேடப்பட்டது. அதுவும் கரைதல் வேண்டும். பொலியிலற்றிக்கமிலம் நீரால் மெல்லப் பகுக்கப்பட்டு இலற்றிக்கமிலமாவது. அவ்வமிலம் நம் தசைகளும் நாடோறும் விளைவிப்பதே. ஆனால் அமிலம் மகனீசியத்தைத் தின்னும். மகனீசியம் தரும் காரம் பல்பகுதியத்தைப் பகுக்கும். ஒன்றையொன்று நடுநிலையாக்குதலும் உண்டு, ஒன்றையொன்று தூண்டுதலும் உண்டு. எது மேலோங்கும் என்பது தடிப்பையும் மூலக்கூற்றுச் சங்கிலியின் நீளத்தையும் பொறுத்தது. நீர் ஊடுருவுமளவுக்கு ஐதரசன் விரைந்து வெளியேறாவிடின், பூச்சு கொப்புளித்து உரியும். இவ்விடர்களைக் கடந்து, கலப்புலோகத்தையும் வலையின் வடிவையும் திருத்தி, பொலியிலற்றிக்கமிலப் பூச்சினுள்ளே சிறோலிமசு என்னும் மருந்தைப் பொதிந்து ஆக்கப்பட்ட மக்மாரிஸ் என்னும் வலை 2016இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது. அதனைச் செய்தது பயோட்ரொனிக் என்னும் நிறுவனம். அதன் மகனீசியத்தின் பெரும்பகுதி ஏறத்தாழ ஓராண்டிற் கரைந்துவிடுகின்றது. அதற்கடுத்த தலைமுறையான பிரீசொல்வ் 2024இல் ஒப்புதல் பெற்றது.

என்புத் திருகாணிகளின் வரலாறு சற்று வேறானது. பூச்சை ஆராய்வோர் செருக்கைக் குறைப்பதும் ஆகும். மகனீசியத்தின் அரிப்பில் ஒரு பெரும்பங்கு அதனுள்ளேயே ஒளிந்திருக்கும் இரும்பு, நிக்கல், செம்பு ஆகிய மாசுகளால் விளைவது. ஒவ்வொரு துணுக்கும் லம்பொற்றின் உருக்காணியைப் போல ஒரு நுண்கதோட்டாகின்றது. ஹனவோல்ற், நெல்சன், பெலூபே என்னும் மூவர் 1942இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தூய மகனீசியத்தில் இரும்பு பத்திலட்சத்தில் ஏறத்தாழ 170 பங்கைக் கடந்ததும் அரிப்பு திடீரெனப் பன்மடங்காகின்றது. மாசைக் குறைத்து, இதிரியம், அருமண் உலோகங்கள், சேர்க்கோனியம் முதலியவற்றைச் சேர்த்தமையால், 2013இல் ஐரோப்பிய ஒப்புதல் பெற்ற ஜேர்மனியின் மக்னெசிக்ஸ் திருகாணி பூச்சு எதுவுமின்றியே கையாளத்தக்கதாயிற்று. அதே ஆண்டில், காற்பெருவிரல் கோணியிருந்த 26 பேரை இருகூறாக்கி இத்திருகாணியையும் தைத்தேனியத் திருகாணியையும் ஒப்பிட்டபோது, ஆறு திங்களில் விளைவு ஒத்திருந்தது. கொரியாவில் மகனீசியம், கல்சியம், நாகம் சேர்ந்த திருகாணி 2015இலும், அமெரிக்காவில் அத்தகைய பின்லாந்துத் திருகாணி 2023இலும் ஒப்புதல் பெற்றன.

அவ்வாறாயிற் பூச்சு எதற்கு எனலாம். இத்திருகாணிகள் சிறியவை; பெரும்பாலும் சிறு என்புகளுக்கு உரியவை. இவற்றைச் சுற்றி முதல் மாதங்களில் கதிர்ப்படத்தில் இருண்ட வளையமொன்று தோன்றுவதுண்டு. அஃது ஐதரசனும் கரைதலும் விளைத்த இடம். பழக்கமில்லாத வைத்தியர் அதனைக் கிருமித்தொற்று என மயங்கவும் கூடும். தொடையென்பு போன்ற பெருஞ்சுமை தாங்கும் என்புக்குப் பெரிய தகடு வேண்டும். பெரிய தகட்டிற்குப் பெரிய பரப்பு. பெரிய பரப்பிற்கு மிகுந்த வாயு. அங்கே பூச்சின்றி அமையாது. ஆயினும் ஆய்வுகூடத்தில் மெருகிட்ட தட்டையான வில்லையிற் பூசி வெற்றி கண்டது, கூரிய புரிகளையுடைய திருகாணியை வன்மையான என்பினுள் முறுக்கிச் செலுத்தும்போது நிலைக்குமா என்பதே முதற் கேள்வி. உராய்வது புரியின் விளிம்பு. பூச்சு மிக மெல்லிதாகப் படிவதும் அவ்விளிம்பிலேயே. இச்சோதனையைச் செய்யாத பூச்சுக்களைப் பற்றிய கட்டுரைகள் மலிந்துள்ளன.

கிருமிநீக்கமும் எளிதன்று. கொதிநீராவி மகனீசியத்தையே தாக்குமாதலால் காமாக்கதிரை நாடுவர். அக்கதிரோ பல்பகுதியத்தின் சங்கிலிகளை வெட்டி அதன் ஆயுளைக் குறைக்கும். வைத்தியரின் மேசையை அடையுமுன்னரே பூச்சின் கணக்கு மாறிவிடுகின்றது.

சோதிக்கும் முறைகள் எளியவை. குருதியின் உப்புக்களைக் கொண்ட கரைசலிற் பொருளை இட்டு, மேலே புனலொன்றைக் கவிழ்த்து, அளவியொன்றில் எழும் ஐதரசனைச் சேர்த்து அளப்பர், எடை இழப்பையும் நிறுப்பர், மின்னோட்டத்தாலும் கணிப்பர். பள்ளி ஆய்வுகூடத்திலும் செய்யத்தக்க சோதனை அது. விளைவுக்குப் பொருள் கூறுதலே கடினம். 2006இல் பிராங்க் விற்றே முதலியோர் இரு கலப்புலோகங்களை நியம உப்புக்கரைசற் சோதனையிலும் சீமைப்பெருச்சாளியின் என்பிலும் ஒப்பிட்டனர். உடலினுள் அரிப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதனினும் வியப்பானது, கரைசலில் எது நன்றென நின்றதோ அது உடலிற் பின்தங்கியமை. புரதங்கள், கரைசலிலில்லாத கலங்கள், ஓடும் குருதி, காபனீரொட்சைட்டால் நிலைநிறுத்தப்படும் பி.எச். ஆகியன இவ்வேற்றுமைக்குக் காரணமாகக் கூறப்படுகின்றன. ஆகவே கண்ணாடிக் கிண்ணத்தில் ஏழு நாள் நிலைத்தது என்பதைக் கொண்டு ஒரு பூச்சைச் சிறந்ததெனக் கூறுதல் பொருந்தாது.

அன்றியும், ஏழு நாளின் பின் அஃது எவ்வாறு அழிகின்றது என்பதே நாம் அறியவேண்டியது. சாதாரணப் பூச்சு எவ்வளவு நீடிக்குமோ அவ்வளவு நன்று. இப்பூச்சு என்றும் நீடிக்குமாயின் மகனீசியத்தைத் தேர்ந்ததே வீண், தைத்தேனியத்தையே வைத்திருக்கலாம். என்பு பொருந்தும் பன்னிரண்டு வாரமளவில் அஃது இறுகி நின்று, அதன்பின் பரப்பு முழுவதும் ஒருசீராகத் தேய்ந்து வழிவிடுதல் வேண்டும். ஓரிடத்தில் முன்னரும் ஓரிடத்திற் பின்னரும் அழியுமாயின், தகட்டின் ஒரு குறுக்குவெட்டு மட்டும் மெலிந்து அங்கே முறியும். எஞ்சிய பகுதி பழுதின்றிக் கிடந்தும் பயனில்லை. உட்படையாக மின்பொறி ஒட்சைட்டும், அதன் துளைகளில் கல்சியம் பொசுபேற்றும், புறத்தே மெல்லிய பல்பகுதியமுமாக அடுக்கிய பூச்சுக்கள் இன்று மிகுதியாக ஆராயப்படுதற்குக் காரணம் இதுவே. புறப்படை முறுக்கும்போது உராய்வைத் தாங்கும். நடுப்படை என்புக்கலங்களை அழைக்கும். உட்படை கடைசிவரை நின்று கரைதலைப் பரப்பெங்கும் பங்கிடும். ஒவ்வொரு படைக்கும் தனித்தனிக் காலக்கணக்கு உண்டு. வயது, நோய், குருதியோட்டம் என்பவற்றால் வேறுபடும் உடல்களில் இம்மூன்று கணக்குகளும் ஒத்துவருமாறு செய்தலே விலங்குச் சோதனைகளில் இன்று நடைபெற்றுவரும் வேலை.